சந்தனப் பொட்டு அழியாத துப்பாக்கி

மழை தவறாதொழிக, மன்றம் கோணாதொழிக. குவளைமலை நாடுடைய அரசியார் உலகுடைநங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் விடங்கன் எழுதியது. வடகரைக் காவல் அதிபரும், ஆயுதசாலைத் திறவுகோல் உடையாரும், அரசியாரோடு ஒரு வயிற்றில் பிறந்தவருமான செம்பியதரையர் காண்க. உம் நாட்டு ஏரிகள் நிறைக. குடிகள் நலம் பெறுக. 'அன்புத் தம்பி' என்று வழக்கமாக வரும் விளியை இம்முறை எழுத வேண்டா என்று அரசியார் பணித்தார், எழுதவில்லை.

வீட்டில் துப்பாக்கி வைத்தல் ஆகாது, யாவும் ஆயுதசாலையில் சேர்க என்று சென்ற ஆண்டு அரசியார் சட்டம் செய்தபோது குடிகள் தயங்கினர். அத்தயக்கம் தீர, மறைந்த தம் கணவரின் வெள்ளிக்கிளி பதித்த துப்பாக்கியை முதலில் தாமே ஒப்படைத்து, அதன் பிடியில் அரக்கு முத்திரையும் இட்டார். அதைக் கண்டே தினைப்புனக் காவலன் கொற்றன், பன்றி விரட்ட வைத்திருந்த தன் ஒரே துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான். சட்டம் செம்மையாய் நடக்கிறது, வடகரையில் வெடிச்சத்தமே இல்லை என்று நீர் மூன்று ஓலை விடுத்தீர். மூன்றையும் அரசியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சட்டம் பலித்ததா என்று நேரில் அறிய, கார்த்திகையில் முன்னறிவிப்பின்றி வடகரை வந்தார். அன்று காலைதான் கொற்றன் தன் புனத்தில் சுடப்பட்டுக் கிடந்தான். தினை கொள்ளையிட வந்தோர், ஊர் திரளக் கண்டு போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கியை ஊரார் அரசியார் முன் வைத்தனர். அதில் வெள்ளிக்கிளி இருந்தது. குழலின்மேல் ஆயுதபூசைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. கொலைக்கு அஞ்சாதவன் பூசைப் பொட்டை அழிக்க அஞ்சியிருக்கிறான்! ஆயுதசாலை பூசைக்கென ஆண்டில் ஒருநாளே திறக்கும். திறப்பவர் நீர், பொட்டு வைப்பவரும் நீர். பூசைக்கு வெளியே வந்தவை உள்ளே திரும்பாமல் கள்வர் கைக்குப் போனதையும், அது உம் சொற்படி நடந்ததையும் சாலைக் காவலர் ஒப்பினர். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

கொற்றன் மனைவி பொன்னாச்சி அழவில்லை. துப்பாக்கியைக் கொடு, காவலை நான் தருகிறேன் என்று தாங்கள் சொன்னதால்தானே அவர் வெறுங்கையோடு நின்றார் என்று மட்டும் கேட்டாள். அரசியார், சட்டம் பொய்க்கவில்லை, உம்மேல் தாம் வைத்த நம்பிக்கைதான் பொய்த்தது என்றார். பகைவன் செய்திருந்தால் படை அனுப்பலாம், தோளில் தூக்கி வளர்த்தவன் செய்ததற்கு எதை அனுப்புவது என்று கேட்டார்.

இவ்வோலையை அனுப்புகிறார். வெடிமருந்துத் துளை ஈயத்தால் அடைபட்டு, அத்துப்பாக்கியும் உடன் வருகிறது. கண்ட பொழுதே வாளும் பரிவாரமும் இன்றி அதைத் தோளில் சுமந்து, வடகரை ஊர்தோறும் நடந்து, மன்றுதோறும் செய்ததை நீரே சொல்லி, விசாரணைக்கு அரண்மனை வருக. வழியில் பொட்டு அழியலாகாது. சட்டம் நிற்கும், திறவுகோல் கை மாறும். அதைப் பொன்னாச்சியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுக.

அரசியாரின் முத்திரையை நம்பியே ஒருவன் இறந்தான். ஆதலால் இவ்வோலையில் அம்முத்திரை இல்லை. அரக்கில் நீர் காண்பது பொன்னாச்சியின் பெருவிரல். அதற்குப் பணிக.