காட்டாத காய்ச்சல்

அண்ணே,

இன்று காலை பிசியோதெரபி கிளினிக் வாசலில் முதுகுவலியோடு வந்த ஒருவரின் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தேன். முப்பத்தாறு புள்ளி ஐந்து. “ஓகே லா, காய்ச்சல் இல்ல” என்று உதவிக்கு இருப்பவள் எழுதிக்கொண்டாள். வாரந்தோறும் உங்களுக்கும் ஏறக்குறைய இந்த எண்தான் வந்துகொண்டிருந்தது.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருபது வருடம் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முதுகு உங்களுடையது. வேலை முடிந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறி, சாயங்காலம் என்னிடம் பயிற்சிக்கு வருவீர்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றிருந்தது, நானும் நம்பினேன். முதல் நாள் குப்புறப் படுக்கவே நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்து, “வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பாராசிட்டமால் போட்டுக்குங்கண்ணே, பயிற்சி சுலபமா இருக்கும்” என்றேன். பெரிய கெட்டிக்காரி நான்.

நீங்கள் மெலிந்துகொண்டே போனீர்கள். “ராத்திரியில வேர்த்துத் தலகாணியெல்லாம் நனையுது மிஸ்” என்றீர்கள் ஒருநாள். “பினாங்குல யாருக்குத்தான் வேர்க்கல?” என்று கிண்டலடித்துவிட்டுக் காலைத் தூக்கச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து, கால் மரத்துப்போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் சீழ். ஊசியால் எடுத்துச் சோதித்ததில், காய்ச்சாத ஆட்டுப்பாலில் வரும் அபூர்வக் கிருமி என்று தெரிந்தது. சுங்கை பாக்காப்பில் நண்பரின் ஆட்டுக் கொட்டகையில் நீங்கள் விரும்பிக் குடித்த பால். அதற்குள் கிருமி இதயத்துக்கும் போயிருந்தது.

வார்டில் டாக்டர், “சாயங்காலத்துல காய்ச்சல் வந்திருக்குமே, யாரும் பார்க்கலையா?” என்று கேட்டபோது நான் கட்டிலருகே நின்றிருந்தேன்.

“மிஸ் ஒவ்வொரு தடவையும் பார்ப்பாங்க டாக்டர். காய்ச்சலே இருந்ததில்ல” என்று எனக்காகப் பரிந்து பேசினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க சொன்ன மாத்திரைய ஒரு நாள்கூட மறக்கல மிஸ். ஃபெரி ஏறினதும் போட்டுடுவேன்” என்றீர்கள். முகத்தில் அத்தனை பெருமை.

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உங்கள் சார்ட்டில் எதையோ குறித்துக்கொண்டார். காய்ச்சலை அடக்கி வைத்தது அந்த மாத்திரைதான் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. அதன் பிறகு பத்து நாள்தான் உயிரோடு இருந்தீர்கள். தினமும் வந்தேன், தினமும் சொல்லாமல் திரும்பினேன். கோழைத்தனம், வேறென்ன.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம், “மாத்திரை போடாம வாங்க, வலியோடவே வாங்க” என்கிறேன். இரக்கமே இல்லாதவள் என்பதுபோல் சிலர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உங்களிடம் இரக்கப்பட்டதே போதும் அண்ணே.