பாதைக்கு அடியில் ஒரு மூங்கில்

ஜூலை 4, வியாழன்

இன்று பாதைக்கு நூல் பிடித்தோம். கேட்டிலிருந்து நீச்சல் குளம் வரை நாற்பத்திரண்டு மீட்டர். போன அக்டோபர் வரை இது பெரியப்பாவின் நெல்வயல். முப்பது வருடக் குத்தகைக்கு வில்லாக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். நான் அதே வயலில் தினக்கூலிக்குக் கல் பதிக்கிறேன்.

நூல் வாய்க்காலைக் குறுக்காக வெட்டுகிறது. ஒரு முழ அகலம்தான். கீழே இருக்கும் எங்கள் வயலுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மேஸ்திரி போனோவிடம் காட்டினேன். ஜாவாக்காரர், கடல் தாண்டி பன்யுவாங்கியிலிருந்து வேலைக்கு வந்தவர். என்னை மாங் என்றுதான் கூப்பிடுவார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படத்துல வாய்க்காலே இல்லப்பா, மாங். படத்துல இல்லாதது மண்ணுலயும் இல்லம்பாங்க."

ஜூலை 5

பெரியப்பாவின் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். பதினோரு பக்கம். மாமரத்துக்கு ஒரு வரி இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை.

"எதுக்குடா எழுதணும்? மூச்சு விடறதுக்கு யாராச்சும் பத்திரம் போடுவாங்களா?" என்றார் பெரியப்பா.

எங்கள் ஊரில் யாருக்கும் எழுதத் தோன்றியிருக்காது. தண்ணீர் சுபாக் என்னும் ஊர்ப் பாசனச் சங்கத்துக்குச் சொந்தம், நிலத்துக்கு அல்ல. இது எங்களுக்குத் தெரியும். பத்திரம் எழுதிய டென்பசார் வக்கீலுக்கும் தெரியும். அதனால்தான் அவன் எழுதவில்லை.

ஜூலை 8

சங்கத் தலைவரோடு அப்பா போய் வில்லா மேனேஜர் லித்யாவைப் பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு.

"நல்ல பொம்பளைடா. உக்கார வச்சு டீ குடுத்தா. பாதைக்கு அடியில குழா போட முதலாளிகிட்டக் கேக்கறேன்னா. அவரு சிட்னியில இருக்காராம்."

கத்திவிட்டேன். டீ குடுத்தா போதுமா உங்களுக்கு? அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூலை 10

ஒரு சாண் தோண்டியாயிற்று. கருஞ்சேறு. போன அறுவடையின் தாள்கட்டை இன்னும் வேரோடு இருக்கிறது. அதை வழித்தெடுத்து, ஜல்லி போட்டு, இறுக்கி, மேலே மணல், மணல் மேல் கல். இதுதான் முறை.

வாய்க்காலை இரண்டு கூடை மண்ணில் அடைத்தார்கள். ஒரு கூடை நான் போட்டது.

சிட்னியிலிருந்து பதில் இல்லை. எங்கள் நெல் பொதி கட்டும் நேரம். இப்போது தண்ணீர் நின்றால் பதர்தான்.

ஜூலை 12, வெள்ளி

போனோவும் மற்ற ஜாவாக்காரர்களும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். ஒரு மணி நேரம். முந்தின நாளே வெட்டி வைத்திருந்த மூங்கிலைக் கொண்டுவந்தேன். கணுக்களைக் கம்பியால் உடைத்து, அடைத்த மண்ணைத் தோண்டி, வாய்க்கால் மட்டத்தில் படுக்க வைத்து, சேறு பூசி, ஜல்லி மூடினேன். எங்கள் வரப்பு எல்லாவற்றிலும் இப்படித்தான் மூங்கில் கிடக்கிறது. வருடக்கணக்கில் ஓடும்.

போனோ வந்து அந்த இடத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு.

"சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

சாயந்திரம் எங்கள் வயலில் தண்ணீர் நின்றது. அப்பா எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

ஜூலை 13

மண் இறுக்கும் இயந்திரத்தை மூங்கிலின் மேலேயே ஓட்டினார்கள். அடியில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று தெரியவில்லை. அந்த இரைச்சலில் என்ன கேட்கும்?

ஜூலை 16

ஒன்பது கல் வைத்தேன். தண்ணீர் வருகிறது.

ஜூலை 22

தண்ணீர் குறைகிறது. அப்பா வில்லா மதில் வரை வாய்க்காலைத் தூர் வாரினார். மதிலுக்கு அப்பால் போக முடியாது.

நான் ஒரு முட்டாள். வரப்பு என்பது சேறு, மூங்கில் அதில் மெத்தையில் படுத்த மாதிரி கிடக்கும். அதன் மேல் மனிதன் நடப்பான், வாத்து நடக்கும். இங்கே ஜல்லியும் இயந்திரமும். பிளந்திருக்கும். தண்ணீர் பக்கவாட்டில் மணலுக்குள் போகிறது. தெரிந்தும் என்ன செய்ய? தோண்டச் சொன்னால் போட்டது யார் என்பார்கள்.

ஜூலை 27, சனி

சிட்னியிலிருந்து முதலாளி வந்தார். பதினேழாவது கல் அவர் காலடியில் உள்ளே போனது. விழுந்து கையூன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கல்லைப் பெயர்த்தார்கள். கீழே மணல் இல்லை, குழி. பிளந்த மூங்கில்.

"யார் வேலை இது?" லித்யா குரலை உயர்த்தவேயில்லை.

"நான்தான், மேடம். மழைத்தண்ணி வடியட்டும்னு போட்டேன்" என்றார் போனோ.

நான் வாய் திறக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன் — நான் வாய் திறக்கவில்லை.

வேலை போய், போனோ பையைக் கட்டும்போது போய் நின்றேன். மாஸ், அண்ணே, நான் போய்ச் சொல்லிடறேன் என்றேன்.

"எதுக்கு? உன்னையும் சேத்து அனுப்புவா. உங்கப்பன் வயலுக்குத் தண்ணி வந்துருமா?" பையின் வாயை இழுத்து முடிந்தார். "மூங்கிலப் போட்டியே கழுத, எங்கிட்டச் சொல்லியிருந்தா அந்த எடத்துல கையால இறுக்கியிருப்பேன்ல?"

ஊருக்குப் படகு பிடிக்க, கிலிமானுக் படகுத்துறைக்குப் போகும் வேனில் ஏறிவிட்டார்.

ஜூலை 30

குழியையும் வாய்க்காலையும் சேர்த்து அந்த இடம் முழுக்க கான்கிரீட்.

ஆகஸ்ட் 19

அப்பா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கையில் மூன்று மணி நின்றது. மற்றதெல்லாம் உமி.

சங்கம் வில்லாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறதாம். சீல் வைத்து.

செப்டம்பர் 24

நாளை கலுங்கான், முன்னோர்கள் வீட்டுக்கு வரும் பண்டிகை. படையலுக்குக் கடை அரிசி. அம்மா அதைப் பழைய குதிரில் கொட்டிவிட்டு, அதிலிருந்து அளந்து எடுத்தாள். யாரை ஏமாற்றுகிறாள்? சாமியையா, எங்களையா?

நவம்பர் 14

லித்யா எங்கள் வயலுக்குக் குத்தகைப் பத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்தாள். முப்பது வருடம். காய்ந்த வயலை வேறு என்ன செய்வது?

அப்பா பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. "கீழ மெர்த்தா வயல் இருக்குங்க. எங்க வயல்ல மேக்கால ஓரமா வர்ற மழைத்தண்ணிய வச்சுத்தான் அவன் ஏதோ பயிர் பண்றான். அதுக்கு ஒரு வழி விடணும்னு ஒரு வரி எழுதுங்க."

"பெரியவரே, அந்த மாதிரி வரி போட்டா முதலாளி ஒத்துக்க மாட்டார். வேண்டாம்னா சொல்லுங்க, பக்கத்துலயே வேற நிலம் வருது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே மெர்த்தா சைக்கிளில் போனார். "என்ன விருந்தாளியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

"போடுங்கப்பா" என்றேன்.

போட்டார்.

திங்கள் முதல் எங்கள் வயலில் வேலை. மேஸ்திரி நான்தான்.