உள்ரூம் பலகைக் கல்

வைகாசி, இரண்டாம் ஞாயிறு.

நான் கட்டிய வீட்டை இன்று காலேஜ் பெண் ஒருத்தி அளந்துகொண்டு போனாள். கட்டுவதிலிருந்து இடிக்கிறவரை ஒரு வீட்டால் காற்றுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு கெடுதல் என்று ஆராய்ச்சியாம். சிமெண்ட், கம்பி எல்லாம் என் கடைச் சரக்கு. மடமடவென்று சொல்லிவிட்டேன். உள்ரூமில் படுக்க மேடையாகப் போட்ட பலகைக் கல்லைப் பற்றி மட்டும் கூட நின்ற மேஸ்திரி ஏழுமலையைக் கேட்கச் சொன்னேன்.

"எந்த லாரியில வந்துச்சுங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"லாரி இன்னாத்துக்கு? மேல குள்ளர் வூட்லேர்ந்து ஆளுங்களே தூக்கியாந்தோம்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குள்ளர் வீடு என்பது எந்தக் காலத்திலோ செத்தவர்களுக்கு மலைமேல் பலகைக் கல்லால் கட்டிய சமாதி. அவளுக்கோ சந்தோஷம். "டீசலே செலவில்ல. இந்தக் கல்லால பாதிப்பு பூஜ்யம் சார். வீட்ட இடிச்சா இத யார் எடுத்துப்பாங்க?"

"சொந்தக்காரங்க வருவாங்க" என்று சிரித்தான் ஏழுமலை.

அவள் போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன். "நாளைக்கு எம்பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. அந்தக் கல்லு மேலதான்டா படுப்பா. காலையிலயே எடுத்த எடத்துல கொண்டுபோய் வச்சிடு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அங்க எடமில்லண்ணா. போன மாசம் பார்த்தேன், வேற பலகை மூடியிருக்குது. யார் வச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல."

கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டை எடுத்துவந்து உள்ரூமைப் பூட்டிவிட்டேன். நாளைக்கு மகள் சாவி கேட்பாள்.