பொட்டு வச்ச பக்கம்

டிசம்பர் 2, திங்கள்

மூட்டம். மழை இல்லே. டிசம்பர்லேயும் இப்படி ஏமாத்துது.

ஷா ஆலம் புது ரோட்டுல வலது பக்கம் பார்த்தாச்சு. அங்சானா மரத்துப் போத்து, வெட்டி நட்ட கிளைக் கம்பு, எல்லாம் பிடிச்சிருச்சு, முழ நீளம் துளிர். இடது பக்கம் ஒண்ணும் இல்லே. மொட்டைக் கம்பு. அதே மண், அதே ஆளுங்க நட்டது. வலது பக்கம் மழையில நட்டோம், இடது பக்கம் மழை நின்ன பிறகு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட வேலை செய்யற பாக்கியத்துக்கு நக்கல். "அக்கா, அந்தப் பக்கம் மரம் நட்டோமா, டெலிபோன் கம்பம் நட்டோமா?" எல்லாரும் சிரிச்சாளுங்க. எனக்கு வரலே. பன்னெண்டாந் தேதி கவுன்சில் அதிகாரி, மலாய்க்கார என்சிக், வந்து பார்ப்பாரு. இடது பக்கம் பிடிக்கலேன்னா அடுத்த சீசன் காண்டிராக்ட் வேற கம்பெனிக்கு. டெங்கில் எஸ்டேட்டை வித்த பிறகு எங்க ஆளுங்களுக்கு இது ஒண்ணுதான் வேலை. ஆளுங்களை மேய்க்கற மண்டோர் நான். பேச்சு வாங்கறதும் நான்தான்.

வாங்கணும்: கயிறு, கையுறை, முட்டி வலிக்குத் தைலம்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெயில். இன்னிக்கு வாய் நீண்டிருச்சு.

இடது பக்கத்துக்குத் தண்ணி விடறது வேலு. தண்ணி லோரி அவன்கிட்ட. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், நேரா போய்க் கேட்டேன். "எங்கடா போய்ப் படுத்துக் கிடந்தே? ஒரு கம்பாவது துளிர் விட்டிருக்கா பாரு."

"தினம் ஊத்துறேன்க்கா. சத்தியமா."

"உன் சத்தியம்! குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு."

அதோட விட்டிருக்கலாம். விடலே. "காவடி எடுத்தும் புத்தி வரலியா உனக்கு?"

போன தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தான். அதுக்கப்புறம் குடியைத் தொட்டதில்லேன்னு எல்லாருக்கும் தெரியும். சாவியை லோரி மூஞ்சி மேல வச்சான், சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கிட்டு நடந்தான். போகட்டும், நாளைக்கு வருவான்னு நினைச்சேன்.

டிசம்பர் 5, வியாழன்

நேத்தும் வரலே, இன்னிக்கும் வரலே. லோரி நிக்குது.

கனகசபை ஐயா பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்லேருந்து கார் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. கம்பெனி அவரோடது. அரசாங்க வேலையில ரிட்டையர் ஆகி ஆரம்பிச்சது. யாழ்ப்பாணத்துப் பேச்சு, கோபம் வந்தா இன்னும் மெதுவா பேசுவாரு.

"பிள்ளை, தண்ணி விடேல்லை எண்டால் அவன் வேண்டாம். வேறை ஆளைப் பிடியும்."

"சரிங்கையா."

அவர் போனதும் மனசு கேட்கலே. ஒரு போத்துக்கடியில மண்வெட்டி போட்டேன். ஈரம். கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. ரெண்டு நாளா யாரும் ஊத்தலே, மழையும் இல்லே, இருந்தும் ஈரம். அடுத்த கம்பு, அதுவும் ஈரம். பாவி, ஊத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கான்.

அப்புறம்தான் பார்த்தேன். மண்ணுக்குள்ளே ஒரு மஞ்சள் முளை. கீழேருந்து கிளம்பி, வளைஞ்சு, மேலே வர வழி தேடுது. கம்புல வெட்டின கிளைத் தழும்பெல்லாம் கீழ் நோக்கிச் சாஞ்சிருக்கு. அடுத்த கம்பும் அப்படியே. அதுக்கடுத்ததும்.

தலைகீழா நட்டிருக்கோம். இடது பக்கம் பூராவும்.

உட்கார்ந்துட்டேன். எறும்பு ஏறினதுகூடத் தெரியலே.

டிசம்பர் 7, சனி

கிள்ளான், காப்பார் ரோடு. போத்து வெட்டிக் குடுத்த சீன முதலாளி, தவுக்கேயோட நர்சரி.

"கம்பு முனையில இருக்கற சிவப்பு மேலேதானே தவுக்கே?"

மனுஷன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "மேரா பாவா லா! சிவப்பு கீழே, மண்ணுக்குள்ளே போற பக்கம். ஏன் கேட்கலே?"

ஏன் கேட்பேன்? வலது பக்கத்துக்கு வந்த முதல் லோட்டுல சின்னச் சின்ன இலை இருந்துச்சு, தலை எது கால் எதுன்னு பார்த்தாலே தெரிஞ்சுச்சு. ரெண்டாவது லோட்டு வழுக்கைக் கம்பு, ரெண்டு பக்கமும் ஒரே பருமன், ஒரு முனையில சிவப்புப் பெயிண்ட் ஒரு சொட்டு. பாக்கியம் கேட்கத்தான் செஞ்சா, "எந்தப் பக்கம்க்கா மேலே?" நான் சொன்ன பதில் இப்பவும் காதுல கேட்குது. "பொட்டு எங்கடி வைப்பாங்க? நெத்தியிலா, குதிகால்லயா?" எல்லாரும் சிரிச்சு, எல்லாரும் அப்படியே நட்டோம். வேலு அன்னிக்கு லோரியை விட்டு இறங்கவே இல்லே.

பிழைக்குமான்னு கேட்டேன். பிடுங்கி, காஞ்ச முனையை அறுத்துட்டு, திருப்பி நடணுமாம். உள்ளே பச்சை இருந்தா சிலது பிழைக்கும், சிலது போயிருமாம்.

பப்ளிக் போன்லேருந்து ஐயாவுக்குச் சொன்னேன். "நீர் பொட்டைப் பாத்தோ நட்டனீர்?"

"ஆமாங்கையா."

"கடவுளே. அப்ப வேலு?"

"அவன் மேல தப்பு இல்லீங்கையா." "ஓம், அவனைக் கூட்டிக்கொண்டு வாரும்"னு சொல்லி போனை வச்சுட்டாரு.

டிசம்பர் 8, ஞாயிறு

ரவாங். ரெண்டு பஸ் மாறி. வேலு அவன் அக்கா வீட்டுல. அந்தம்மா வாசலை விட்டு நகரலே.

"எல்லாரு முன்னாடியும் குடிகாரன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். தப்புதான்."

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? காவடிக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தான். நான்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்." அழுதிருச்சு அந்தம்மா.

உள்ளே அவன் சட்டை தேய்ச்சுக்கிட்டு இருந்தான். எல்லாம் காதுல விழுந்திருக்கும். திரும்பலே. கம்பு கதையைச் சொன்னேன், ஐயா கூப்பிடறாருன்னும் சொன்னேன். தேய்க்கறதை நிறுத்தலே. தண்ணிகூடக் குடிக்காம திரும்பிட்டேன். வர வழியெல்லாம் தலைவலி.

டிசம்பர் 10, செவ்வாய்

வந்துட்டான். நேத்துக் காலையிலேயே லோரியில உட்கார்ந்திருந்தான். ஐயா முகத்துக்காக வந்தது. என்கிட்டப் பேச்சு இல்லே. நான் ரெண்டு எட்டுல நிக்கறேன், அவன் பாக்கியத்துக்கிட்டச் சொல்றான்: "மண்டோர்கிட்டச் சொல்லு, தண்ணி டாங்கி நிறைஞ்சிருச்சு." அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டவன்.

பிடுங்கறது, அறுக்கறது, திருப்பறது. முதுகு போச்சு. பாக்கியம் பையிலேருந்து குங்குமச் சிமிழை எடுத்து, நட்டு முடிச்ச கம்புக்கெல்லாம் உச்சியில பொட்டு வைக்கறா. "இனிமே தப்பாதுக்கா." அடிக்கலாம்போல இருந்துச்சு. ஆனா சிரிச்சுட்டேன். வேலு சிரிக்கலே.

டிசம்பர் 12, வியாழன்

என்சிக் வந்தாரு. கார் சாவியால கம்பைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாரு. பச்சை. பச்சை. காஞ்சது. பச்சை. ஏன் இன்னும் இலை இல்லேன்னு கேட்டாரு. ஐயா என்னைப் பார்த்தாரு. வெயில் மேலே பழி போடலாம், யாருக்குத் தெரியப் போவுது? வேலு லோரியிலேருந்து பார்த்துக்கிட்டே இருந்தான்.

"தெர்பாலிக், என்சிக்"னேன். தலைகீழா நட்டுட்டோம், என் தப்புன்னு அரைகுறை மலாயில சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லே, திட்டவும் இல்லே. பொங்கல் கழிச்சு மறுபடி வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அடுத்த சீசன் வேலை அதுவரைக்கும் தொங்கல்தான்.

டிசம்பர் 14, சனி

பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலைச் சாப்பாடு. வருஷா வருஷம் சீசன் முடிஞ்சா ஐயா போடறது. ஒவ்வொருத்தரும் சீசன்ல நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு சொல்லணும், அவர் சட்டம். பாக்கியம்: நல்லது மழை, கெட்டது பூட்ஸ். ஒரே சிரிப்பு.

என் முறை. எழுந்து நின்னேன். ரசம் கை பூரா.

"வேலு ஒரு நாளும் தண்ணி விடாம இருந்ததில்லே. தலை எது கால் எதுன்னு தெரியாம நட்டது நான். எல்லாரு முன்னாடியும் ஏசினேன், அதனால எல்லாரு முன்னாடியும் சொல்றேன். காவடியைப் பத்திப் பேசினது மகா தப்பு. மன்னிச்சுக்க, வேலு."

ஐயா "ம்"னாரு. வேலு இலையையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மடிச்சான், கை கழுவப் போனான், அப்படியே பஸ் ஏறிட்டான். பாயசம் அவன் இடத்துல ஆறிக் கிடந்துச்சு.

டிசம்பர் 16, திங்கள்

விடியக்காலை தூறல், உடனே நின்னுருச்சு.

இடது பக்கம் ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டே போனேன். ஒண்ணுலகூட முளை இல்லே. குங்குமம் கரைஞ்சு வழிஞ்சிருக்கு. லோரி வந்து பின்னாடி நின்ன சத்தம். திரும்பிப் பார்க்கலே, பார்த்தா மட்டும் பேசவா போறான்.

"அக்கா, தள்ளி நில்லு. தண்ணி வருது."

தள்ளி நிக்கலே. முட்டி வரைக்கும் நனைஞ்சிருச்சு.