முப்பத்தெட்டு விநாடி மில்க்‌ஷேக்

டிசம்பர் 8, திங்கள்

மனைவியின் எடை 46.2. போன வாரத்தைவிட நானூறு கிராம் குறைவு. எடை மெஷினைக் குளியலறையில் ஒரு தடவை, கூடத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதேதான்.

செப்டம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது இந்த நோட்டில் மாத்திரை நேரம் மட்டும் எழுதினேன். இப்போது எத்தனை கரண்டி, எத்தனை இருமல், எத்தனை டிகிரி என்று எல்லாம் எழுதுகிறேன். பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனை அறையில் இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். எதையாவது அளந்தால்தான் எனக்கு மனசு அடங்கும்.

டாக்டர் இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "ஜனவரி அஞ்சாம் தேதி வாங்க. எடை நாப்பத்தஞ்சுக்குக் கீழ போனாலோ, நெஞ்சுல இன்னொரு தடவை சளி கட்டினாலோ, வயித்துல குழாய் வெச்சிடலாம். அப்புறம் வாய் வழியா எதுவும் வேண்டாம்." நல்ல யோசனை சொல்வது போலத்தான் சொன்னார். அவள் இடது கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்வரை விடவில்லை.

ஊட்டினாலும் பயம், ஊட்டாவிட்டாலும் பயம்.

டிசம்பர் 10, புதன்

மசித்த உருளைக்கிழங்கு நான்கு கரண்டி. ஐந்தாவதற்கு வாயை மூடிக்கொண்டாள். நீர்க்க இருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று கெட்டிப்படுத்தும் பொடி கலந்த ஆரஞ்சுச் சாறு இரண்டு கரண்டி. இருமல் ஒன்று. அதோடு நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் அவளுடைய தம்பி வந்தான். கேக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். வருஷக் கடைசி விடுமுறைக்கென்று போடும் கேக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். விரல் நீளச் சுருள் கேக், உள்ளே வெள்ளை கிரீம், பளபளவென்று சிவப்புத் தாள் சுற்றியது. அவளுக்கு உயிர். மின் கட்டணக் கவுன்டரில் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒன்றைத் தின்றுவிட்டு, தாளை முக்கோணமாக மடித்து ரசீதுப் புத்தகத்துக்குள் செருகி வைப்பாள்.

பெட்டியைப் பார்த்ததும் நேரே அதைக் காட்டி, "கே...க்" என்றாள். மூன்று மாதத்தில் தானாகக் கேட்ட முதல் பண்டம்.

"அக்கா கேக்குது, ஒரு துண்டு குடுங்க அத்தான்" என்றான் அவன்.

"உங்க அக்காவைக் கொல்லணும்னா குடு" என்றேன். கேக் தூள் தொண்டையில் எங்கே போகும் என்று இவனுக்கு என்ன தெரியும்? அவன் முகம் சுண்டிவிட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மதியம் எதுவும் சாப்பிடவில்லை.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் குடும்பம் நடத்தினேனோ.

டிசம்பர் 17, புதன்

விழுங்கும் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேக் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். "முழுசா வேண்டாம். பால் ஊத்தி மிக்ஸியில நல்லா அடிச்சு, ரெண்டு தடவை வடிகட்டிடுங்க. ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. கரண்டியைச் சாய்ச்சா மெதுவா மொத்தமா விழணும், தண்ணியா ஓடக் கூடாது. மில்க்‌ஷேக் மாதிரிதான் சார். எடையும் ஏறும்."

மெதுவா என்றால் எவ்வளவு மெதுவா? அதைக் கேட்டேன். சிரித்தாள். "அது பழகினா தெரியும் சார்." எனக்குப் பழகியெல்லாம் தெரியாது. எனக்கு எண் வேண்டும்.

டிசம்பர் 20, சனி

கம்பெனி ஸ்டோரில் கேட்டு, பெயிண்டின் கெட்டித்தனத்தை அளக்கும் புதுக் கிண்ணம் ஒன்று வாங்கிவந்தேன், பெயிண்டே படாதது. அடியில் சின்ன ஓட்டை இருக்கும். விரலால் அடைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். விரலை எடுத்ததிலிருந்து ஒழுக்கு அறுந்து சொட்டாகும்வரை எத்தனை விநாடி என்று பார்த்தால் அதுதான் கெட்டித்தனத்தின் கணக்கு. கம்பெனியில் நாள் முழுக்க நான் செய்யும் வேலை இதுதான்.

பயிற்சிப் பெண் தன் கையால் கலந்து "இது சரி" என்று சொன்ன சாற்றை ஊற்றிப் பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. மூன்று தடவையும் முப்பத்தெட்டு. அவள் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுக்கு வாச்சவர் இப்படி" என்றாள். மனைவி இடது பக்க உதட்டால் சிரித்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

கேக் மூன்று, பால் ஒரு டம்ளர்: 21 விநாடி. தண்ணீர்.
கேக் ஐந்து: 52. சாந்து.
கேக் நான்கு, கொஞ்சம் பால் பொடி: 37.

வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துகள் இல்லை. அரைக் கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தாள். என் கண் அவள் தொண்டையைவிட்டு நகரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. "இன்...னும்" என்றாள்.

எட்டுக் கரண்டி. நான் சமையலறைக்குப் போய், நின்றபடியே ரொட்டியைத் தின்றேன். செப்டம்பரிலிருந்து என் சாப்பாடு அங்கேதான். அவள் முன்னால் தட்டோடு உட்கார என்னால் முடியவில்லை.

டிசம்பர் 27, சனி

எடை 46.8. ஒரு வாரமாகத் தினம் ஒரு டம்ளர். நோட்டில் இருமல் கட்டம் காலி.

சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

நாளை மதியம் தம்பி குடும்பத்தோடு வருகிறான். வருஷக் கடைசி, எல்லோரும் ஒன்றாக உட்காரலாம் என்று அவளே சைகையில் கேட்டாள். எல்லோருக்கும் கேக் மில்க்‌ஷேக்தான். உயரக் கண்ணாடி டம்ளர்களைக் கழுவித் துடைத்தேன். விசேஷமாக இருக்கட்டும் என்று ஐஸ்கிரீம் ஒரு டப்பா வாங்கினேன். அதில் சத்து இருக்கிறது, எடையும் ஏறும்.

டிசம்பர் 31, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது. எழுதியே ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கலந்தேன். அவள் டம்ளரில் ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி சேர்த்து அடித்தேன், அளந்தேன். முப்பத்தெட்டு, அச்சு அசலாக. மேசையில் வைத்தேன். பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்றவன் ஒன்றே முக்காலுக்கு வந்தான். வேன் டயர் பஞ்சராம். அவன் மனைவி மேசையில் சிவப்புத் தாள் தோரணம் ஒட்டினாள். ஒரே பேச்சு, சிரிப்பு. எல்லோர் கையிலும் டம்ளர். அவளும் தானே குடிப்பதாகக் கரண்டியை இடது கையில் எடுத்தாள். நான் தலையாட்டினேன். நான்தான் தலையாட்டினேன்.

இரண்டாவது கரண்டி. இருமினாள். நிற்கவில்லை. முகம் சிவந்து, பிறகு வேறு நிறமாகி, கண் என்னையே பார்த்தது. யாரோ முதுகில் தட்டப் போனார்கள், தட்டாதே தட்டாதே என்று கத்தினேன். முன்னால் சாய்த்துப் பிடித்தேன். எவ்வளவு நேரம்? கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, பார்க்கவில்லை. அப்புறம் மூச்சு வந்தது. கரகரவென்று ஈரமான மூச்சு. அந்தச் சத்தம் அக்டோபரிலிருந்தே எனக்குத் தெரியும்.

மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றினேன். பதினாறு விநாடி.

ஐஸ்கிரீம் உருகியிருக்கிறது. அவ்வளவுதான். கம்பெனியில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் வெப்பநிலை எழுத ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், புதுசாக வந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பேன். வீட்டு நோட்டில் அந்தக் கட்டமே நான் போடவில்லை.

ஆனால் அப்போது சொன்னது இது இல்லை. "நீ நேரத்துக்கு வந்திருந்தா இது நடந்திருக்குமாடா" என்று தம்பியிடம் கத்தினேன். அவன் டம்ளர்களை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். காய்ச்சல் வருகிறதா என்று மூன்று நாள் பாருங்கள், மூச்சு வாங்கினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

சாயங்காலம் ஆறு மணி: 98.4.

ஜனவரி 1, வியாழன்

காலை 98.8. மதியம் 99.1. மாலை 99.5.

ஏறுகிறதே. ஐயோ, ஏறுதே.

இதுவரை இந்த நோட்டில் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அக்டோபரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அது தானாக வந்ததில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினாள். பொடி கலக்காத வெறும் தண்ணீர் கேட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை, அரை டம்ளர் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோது "தெரியலீங்க" என்றேன். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டாம் தடவையும் நான்தான். பழியை மட்டும் தம்பி தலையில் போட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

99.6. 99.4. 99.6.

பொடி கலந்த சாறு ஆறு கரண்டி, நானே ஊட்டினேன். கரண்டி பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியது. நடுங்கியது என் கை. அவள் தன் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

ஜனவரி 3, சனி

காலை 98.9. மதியம் 98.6. மாலையும் 98.6. வேறு தெர்மாமீட்டர் வாங்கிவந்து வைத்தேன். அதிலும் 98.6.

உயிர் போய் உயிர் வந்தது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "டயர் மேல தப்பில்லைடா. ஐஸ்கிரீம் போட்டது நான். கரையும்னு தெரிஞ்சிருக்க வேண்டியவனும் நான்தான்."

"நானும் மூணு நாளா தூங்கல அத்தான்" என்றான். "அக்கா என்ன சாப்பிட்டாங்க?"

பயிற்சிப் பெண்ணுக்கும் சொன்னேன். அக்டோபர் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். திட்டினாள், நியாயமாகத்தான். பிறகு, "வாயில போனதும் கரையுற எதுவும் ஆகாதுன்னு நானும் அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்" என்றாள்.

ஜனவரி 4, ஞாயிறு

இனி கேக் கிடையாது என்று பெட்டியை அலமாரி மேலே தூக்கி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மசித்த உருளைக்கிழங்கைக் கொண்டுபோனால் வாயைத் திறக்கவில்லை. காலை திறக்கவில்லை, மதியமும் இல்லை.

"நாளைக்கு எடை பாப்பாங்க. குழாய் வெக்கணுமா உனக்கு? அதுதான் வேணுமா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. அலமாரியைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நா...ன்" என்றாள்.

நான் என்றால் என்ன? நானே சாவேன் என்கிறாளா? அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, தானே எடுத்துக் குடிப்பேன் என்கிறாள். சரி என்று கலந்துவந்தேன், ஐஸ்கிரீம் இல்லாமல். விநாடி 38. இப்போது போட்டிருக்கும் புதுக் கட்டத்தில் வெப்பநிலை 25. கரண்டியை அவளே எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உயர்த்தி, சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மொத்தமாக மெதுவாக விழுந்தது. மறுபடி எடுத்து, மறுபடி சாய்த்தாள். அதற்குப் பிறகுதான் குடித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் இப்படியே செய்தாள். ஒரு டம்ளருக்கு ஐம்பது நிமிஷம்.

இத்தனை நாளும் பயந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

எடை 46.6. நெஞ்சு படம் சுத்தம். அக்டோபரில் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், சீட்டில் எழுதிக்கொண்டார். குழாய் இப்போதைக்கு வேண்டாம், ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

ஆறு வாரம். நாற்பத்திரண்டு நாள்.

ஜனவரி 11, ஞாயிறு

நான்கு மணிக்குக் கலந்துகொடுத்துவிட்டு வழக்கம்போலச் சமையலறைக்குத் திரும்பினேன். பின்னால் தட்டும் சத்தம். கரண்டியால் மேசையைத் தட்டுகிறாள். எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்கா...ருங்க" என்றாள். மேசையில் பிரிக்காத கேக் ஒன்று கிடந்தது. தம்பி நேற்று வந்தபோது கொடுத்திருக்கிறான் போல.

உட்கார்ந்தேன். பிரித்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் தித்திப்பு அதிகம். கம்பெனியில் நீலம் கலக்கப் போய்ப் பச்சை கலந்துவிட்ட கதையைச் சொன்னேன். தாளை எடுத்து முக்கோணமாக மடிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் அதைப் பிடுங்கி, ஒற்றைக் கையால் மேசையில் வைத்து அழுத்தி அழுத்தி மடித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் டம்ளர் காலியாக இருந்தது. எத்தனை கரண்டி என்று எனக்குத் தெரியவில்லை.