டெஸ்மண்டின் மஞ்சள் கோடுகள்

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் ஹோபார்ட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உலகத்தின் அந்தக் கோடியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிகளை இப்போதே வெயிலில் போட்டு எடுத்து வை. இங்கே ஹெக்ஸமில் வசந்தம் வந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். நம் ஷெட்டுக்குள் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அப்பா பட்டாணி விதைத்தார், புறாக்கள் நன்றாகச் சாப்பிட்டன. உன் போன கடிதத்தில், ஷெட்டில் நாங்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கும் காரைப் பற்றி, முடிந்துவிட்டதா என்று கேட்காமல் எப்படி இருக்கிறது என்று நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்டிருந்தாய். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. கார் நன்றாகவே இருக்கிறது. கட்டுகிறவள்தான் வெளியே தலைகாட்ட முடியாமல் இருக்கிறாள்.

வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஷெட்டை மூடிவிடுவோம் என்பது உனக்குத் தெரியும். பசை காயாது, விரல் ஸ்பானரோடு ஒட்டிக்கொள்ளும். டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடாமல் காரை ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, மார்ச் வரை நானும் உன் டெஸ்மண்ட் மாமாவும் அதைப் பற்றிப் பேச மட்டும் செய்வோம். இந்த மார்ச்சில் அவருக்குச் சளி, நான் மட்டும் போய்த் திறந்தேன். கார் கட்டுகிறவர்கள் சேர்ந்த எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை முறுக்கி முடித்தவர் அதன் மேலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுவார். பிற்பாடு கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று பொருள். என் கோடு சிவப்பு, அவருடையது மஞ்சள். முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் நட்டுகளில் மஞ்சள் கோடுகள் அத்தனையும் விலகியிருந்தன, நட்டுகள் விரலுக்கே சுற்றின. டெஸ்மண்ட் எதற்கோ தளர்த்திவிட்டு, திரும்ப முறுக்க மறந்துவிட்டார் என்று அங்கேயே முடிவு கட்டினேன். மஞ்சள் கோடு, ஆகவே மஞ்சள் பேனாக்காரர். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து, ஆதாரத்தை நிதானமாகப் படியுங்கள் என்று பிள்ளைகளை அதட்டியவள் நான்.

அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வசந்தகால முதல் கூட்டத்துக்குக் கிளப் முழுக்க மதுக்கடையின் பின்னறையில் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். அதோடு நிறுத்தாமல், “இந்த வட்டாரத்துல மாடு வச்சிருக்கிறவங்க எல்லாம் ஒருதடவை அது வயித்துக்குள்ள பாத்துக்கங்க, டெஸ்மண்ட் தன் வாட்சை விட்டுட்டு வந்திருப்பார்” என்றேன். காலமெல்லாம் மாட்டு டாக்டராகப் பசுக்களுக்குப் பிரசவம் பார்த்த மனிதரைப் பார்த்து. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கும் என் நகைச்சுவை பிடித்திருந்தது. அவரும் சிரித்தார், “நானா? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஷெட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. கோபம் போலிருக்கிறது, தணியட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் காய்கறிப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றவரைப் பார்த்து, அவர் ஓட்டும் கார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “நட்டை மறக்கிறவன் பிரேக்கை மறக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? அடுத்த வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கறேன். அதுவரைக்கும் பஸ்தான்” என்றார். பஸ்ஸில் வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கிறது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், பாவம், டெஸ்மண்டுக்கே தன் மறதி தெரிய ஆரம்பித்துவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னேன். அப்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “ஹிலரி, அதையெல்லாம் தளர்த்தினது நீதானே? நவம்பர்ல கை நீலம் பாரிச்சு வந்தே. சக்கரம் மாசக்கணக்குல தொங்கினா அதைத் தாங்குற கைக்குள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கும், அதான் எல்லாத்தையும் தளர்த்திட்டேன்னு சொன்னே. உன் கையை வெந்நீர்ல வச்சது நான்தான்” என்றார். நான் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு, நிரூபிப்பதற்காகவே ஷெட்டுக்குப் போனேன். பின்சக்கர நட்டுகளில் என் சிவப்புக் கோடுகள் இருந்தன. அவையும் விலகியிருந்தன. மார்ச்சில் நான் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை, என் வேலைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன என்று சில நாள் யோசித்தேன். டாக்டர் எப்படியும் அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார், என் பெயர் வெளியே வராது. உன் அப்பா தினமும் சாப்பாட்டு மேஜையில் என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கடைசியில் எலுமிச்சை கேக் ஒன்று செய்துகொண்டு டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் “என்ன, கேக்கோட வந்திருக்கே, யாரு செத்தது?” என்றார். வாசலில் நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப நான் தளர்த்தலையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நிச்சயமா?” என்றார். நிச்சயமாக என்றேன். மறுபடியும் “நிச்சயமாதானே?” என்றார். இத்தனை வாரமும் அந்த மனிதர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளப்பிலும் எழுந்து நின்று சொல்கிறேன் என்றேன். “சொல்லு, வாட்ச் விஷயத்தையும் சேத்துச் சொல்லு” என்றார்.

பிறகு உட்கார்ந்து கேக்கைப் பெரிதாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, சீக்கு வந்த பசுவைப் பார்ப்பதுபோல் என்னையே பார்த்தார். “இப்பவாவது ஞாபகம் வருதா, தளர்த்தினது?” என்றார். வரவில்லை என்றேன். உண்மையும் அதுதான், ரோவெனா, இதை எழுதும் இந்த நிமிஷம்வரை வரவில்லை. அவர் சிரிக்கவில்லை. “சரி, வியாழக்கிழமை டாக்டர் நேரம் ஒதுக்கி வச்சிருக்காரு, அதை எதுக்கு வீணாக்கணும்? என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுக்கச் சொல்லி ஃபோன் பண்ணிடறேன். நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்துக்கோ” என்றார். அப்படி ஒரு மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. சரி என்றேன்.

இதைப் படித்துவிட்டு விமான டிக்கெட் விலை பார்க்காதே. டாக்டர் சொல்வதை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். இனி என் கடிதத்தில் சொன்னதையே நான் திரும்பச் சொல்லியிருந்தால் உடனே எனக்கு எழுது. எனக்கு மட்டும் எழுது, நாலு பேர் நடுவில் வேண்டாம்.

உன் அன்பு அம்மா,
ஹிலரி