வேனுக்குப் புது டேங்க்

என்னங்க,

வேனுக்குப் புது டேங்க் மாட்டியாயிற்று. "இந்த ஓட்டை வண்டிக்கு இனி ஒரு ஆணிகூட வாங்க மாட்டேன்" என்று நேற்று நீங்கள் குதித்த குதியெல்லாம் வீண். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள், உங்களுக்கு அது ஒத்துவராது.

பெட்ரோல் முள்ளும் இப்போது ஒழுங்காகக் காட்டுகிறது. இனி நீங்கள் டேங்குக்குள் எதையும் விட்டு அளக்க வேண்டாம். பழைய டேங்கை மெக்கானிக் கவிழ்த்து உலுக்கினார், உள்ளிருந்து ஒரு மர ஸ்கேல் வந்து விழுந்தது. "அக்கா, உங்க டேங்க் ஸ்கூலுக்குப் போயிருக்கும் போல!" என்று ஒரே சிரிப்பு.

ஸ்கேலின் பின்பக்கம் காம்பஸ் முனையால் கீறிய நம் மகளின் பெயர். போன வருஷம் தொலைத்துவிட்டாள் என்று திட்டித் தீர்த்தீர்களே, அதேதான். எப்படி உள்ளே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. நான்கு மணிக்கு வருகிறவள் கேட்பாள்.

இந்தச் சீட்டை வாசல் கதவில் செருகிவிட்டுப் போகிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்.

மறந்தே போனேன்: அன்று "இனிமேல் பொருளைத் தொலைக்க மாட்டேன்" என்று அவளை ஐம்பது தடவை எழுத வைத்தீர்கள். ஸ்கேலைக் கழுவி மேஜைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன.